லப்பந்தான் வம்சம்

"உன் பெயர் பிரெஞ்சுப் பெயர் போலிருக்கிறதே" என்று அரசாங்கக் கச்சேரியின் வெள்ளைக்காரத் துரை சொன்ன நாள் முதல் கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரி மனுவேல் லப்பந்தானுக்குச் சோறு இறங்கவில்லை, துரைமாரைப் போலப் பாண் ரொட்டியும் பட்டரும்தான். மகள் றெஜீனாவைப் பெண் கேட்டு வந்த மீன்பிடிக் குடும்பத்தையும், "எங்கட ரத்தம் வேற" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கனடாவிலிருந்து வந்திருக்கும் பிரெஞ்சுக்காரரான புதுக் கத்தோலிக்கப் பங்குச் சாமியின் பெயர் லபோந்தேன் என்று கேள்விப்பட்டதும், மனைவியையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"சாமி, நாங்க உங்கட சொந்தக்காரர். ஊர்ச்சனத்துக்கு வாயில வராமல் லப்பந்தேன், லப்பந்தான் எண்டு ஆக்கிப்போட்டுதுகள். எழுத்துத்தான் வேற, ரத்தம் ஒண்டு! உங்கட ஆக்கள் ஆராவது முந்தி இங்க வந்திருக்கிறாங்களா?"

சாமி புத்தகத் தமிழில் நிதானமாகச் சொன்னார்: "ஆம். என் பாட்டனாரின் தமையன் வந்தார். இந்தக் கற்பிட்டியிலேயே வாழ்ந்து இறந்தார்."

மனுவேல் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "அவர்தான் எங்கட பூட்டன், சாமி! நாங்க அவருக்கு நேர் வாரிசு!"

சாமியின் முகம் சிவந்தது.

"அவரும் என்னைப் போலக் குருவானவர்."

அன்று பின்னேரமே மனுவேல் மீன்பிடிக் குடும்பத்தின் வாசலில் போய் நின்றார்.

"கலியாணத்தை எப்ப வைப்பம், சம்பந்தி? லப்பந்தான் எண்டது சுத்தமான தமிழ்ப் பேர்!"