வேப்பிலை கட்டிய வீடு

மதராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் அழகியைக் கூட்டி வந்த மறுநாளே, செவந்தி நிலைக்காலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். அம்மா வந்திருக்கிறாள் என்று கந்தர்வக்கோட்டையில் அந்தத் தெருவே ஒதுங்கிக்கொண்டது.

அடுத்த வீட்டு நாத்தனார் பிச்சையம்மாள் மட்டும் இருமிக்கொண்டே இளநீரோடு வந்தாள்.

"பிள்ளைக்கு முத்து நெறயப் போட்டிருக்கா, செவந்தி?"

"ஒடம்பு பூரா, மதினி. அங்கிட்டே நில்லுங்க."

பிச்சையம்மாள் மூக்கை உறிஞ்சி வாசம் பிடித்தாள்.

"அம்மா இருக்குற வீட்டுல கருவாடா வறுக்குறே? சாமி குத்தமாயிரும்டி!"

உள்ளேயிருந்து அழகி சிரித்தாள். "அயித்தை, ஒனக்கு ரெண்டு துண்டு வேணுமா?"

பிச்சையம்மாள் படியில் கால் வைத்தாள். செவந்தி பாய்ந்து மறித்தாள்.

"ஏறாதீங்க மதினி! அம்மையெல்லாம் இல்ல. பிள்ளைக்கு ரத்தத்துல புத்து. மருந்து சாப்பிடுற ஒடம்பு, யாரோட சளி இருமல் ஒட்டுனாலும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. டாக்டர் சொன்னாருன்னா ஊரு கேக்குமா? அம்மான்னாத்தான் வாசல்ல நிக்கும்."

பிச்சையம்மாள் வைத்த காலை எடுத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அது சரி, கருவாட்டு வாசத்துக்கு என்னடி சொல்லுவே? இரு வாரேன்" என்று வீட்டுக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டிலும் தினம் கருவாடு வறுபட்டது. அம்மா வந்த வீட்டுக்குப் பக்கத்தில் இப்படியா என்று தெருவே அவளைத் திட்டியது. "என் நாக்கு கேக்குது, வறுக்குறேன்!" என்று அவள் பதிலுக்குக் கத்துவாள். அதைக் கேட்டுத் தாயும் மகளும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அந்த மார்கழிப் பனியில் அழகிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுத்த ஆடியில் புற்றுதான் அவளைக் கொண்டுபோனது.

பிச்சையம்மாள் இன்றைக்கும் இருமல் வந்தால் செவந்தி வீட்டுப் படியேறுவதில்லை.