மூன்றாவது கரண்டி

எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் இப்போது இருப்பவர்கள்: ஆயா பொன்னாயி, மேல்காட்டிலிருந்து தினையும் தேனும் கொண்டுவந்த பாவாயி, தட்டோடு உட்கார்ந்திருக்கும் பதினோரு பிள்ளைகள், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் காளியண்ணன்.

சர்க்கரை தீர்ந்து பத்து நாளாகிறது. வெறும் கஞ்சியைப் பிள்ளைகள் தொடுவதில்லை. பொன்னாயிக்கு அது பெரிய ரோதனை. இன்றைக்கும் பட்டினி கிடந்தால் தாய்மார்கள் அவர்களை அட்டைக்கடிக்கு நடுவே காப்பிக்காட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சன்னலை ஒட்டி மூடுபனி நிற்கிறது; உள்ளே விறகுப்புகையும் வறுத்த தினை பாலில் குழையும் வாசமும். இனிப்புக்காகப் பிசைந்த மலைவாழைப்பழத்தைப் பொன்னாயி கொதியில் கொட்டப்போக, பாவாயி கையைப் பிடிக்கிறாள். "எறக்கி ஆறவச்சுப் போடக்கா. கொதியில போட்டா பாலு திரிஞ்சிரும்." சூடு தணிந்ததும் பழமும் தேனும் விழுகின்றன. ரைட்டர் ருசி பார்க்காமல் பரிமாறக் கூடாதென்பது எஸ்டேட் வழக்கம். காளியண்ணன் ஒரு கரண்டி வாங்கிக் கண்ணை மூடிக்கொள்கிறார். "ஒண்ணும் புடிபடல. இன்னொண்ணு ஊத்து பொன்னாயி." இரண்டாவதை வழித்து நக்குகிறார். "சர்க்கரை போடலைங்கிறது பொய்தானே?" பதினோரு தட்டுகளும் தரையில் தாளம் போடுகின்றன. "மூணாவதுலதான் நெசம் தெரியும்" என்று கரண்டியை நீட்டுகிறார். நான்கு வயது சரோசா குண்டாவின்முன் கைகளை விரித்து நிற்கிறாள். "ஆயா, இவரு நொம்பத் திங்கறாரு!" பொன்னாயி மூலையில் இருக்கும் அவருடைய குடையை எடுத்து வாசலுக்கு வெளியே சாத்துகிறாள். "மழை வருதுங்க, குடை நனையுதுங்க." ரைட்டர் பதறி அதை எடுக்க வெளியே கால் வைக்கிறார். அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டுவிடுகிறாள்.