நிலவறையில் மழை

மூன்றாவது முறையும் மழை பெய்யவில்லை. நார்பர்ட் இன்னொரு தடவை சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். பழைய சலவை இயந்திரத்திலிருந்து பிடுங்கிய மோட்டார் லேசாக இருமி, கருகல் வாடையை விட்டுவிட்டு ஒரேயடியாக அடங்கிப்போனது.

வெளியே மில்வாக்கி நகரம் முழங்கால் பனியில் புதைந்து கிடந்தது. அந்த வருஷம் ஊரில் பாதி வீடுகளின் நிலவறையில் தென்கடல் தீவு போல் ஜோடித்த மதுக்கூடம் முளைத்துக்கொண்டிருந்தது. நார்பர்ட்டும் தன் பங்குக்கு ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். கம்பளம் சுற்றி வந்த மூங்கில்களைக் கடைக்காரர் சும்மா கொடுத்தார், அவை மது மேடையாயின. தெருவில் நோய் கண்டு வெட்டிய எல்ம் மரத்தின் துண்டு ஒன்று, பல்லைக் கடித்து முறைக்கும் டீக்கி என்ற தீவுச் சாமியாகிப் படியடியில் நின்றது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது அந்தப் பொய் ஜன்னல்தான். மேல்தளத்தை ஒட்டி ஒரு பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் அவரே தீட்டிய கடற்கரை. மோட்டார் தண்ணீரை மேலேற்ற, இரண்டுக்கும் நடுவே மழை கொட்ட வேண்டும். கொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கக் கீழே தகரத் தொட்டியும் தயாராக இருந்தது.

இந்த மழையை நம்பித்தான் மச்சான் யூஜினிடம் வாயைக் கொடுத்திருந்தார். மனைவி லொரேனின் தம்பியான அவன், தன் வீட்டு நிலவறையில் அருவியே வைத்திருந்தான். அதைப் பற்றி அவன் பேசாத நாள் கிடையாது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் நாலு பேர் கேட்கப் பந்தயம் கட்டியாகிவிட்டது. நார்பர்ட் வீட்டில் சனிக்கிழமை மழை பெய்தால், பனிக்காலம் முடியும்வரை யூஜின் வந்து இவர் வாசல் பனியை வார வேண்டும். பெய்யாவிட்டால் இவர் போய் அவன் வாசலை வார வேண்டும், அதுவும் புல் பாவாடை கட்டிக்கொண்டு.

லொரேன் படியிறங்கி வந்தாள். துணி காயப்போடும் இடத்தை இந்தத் தீவு விழுங்கியதிலிருந்து, அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதே அபூர்வமாகிவிட்டது. செத்துப்போன மோட்டாரையும் அவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்த டிரில்லைக் குடுங்க. பாத்ரூம்ல துண்டு மாட்ட ஒரு கொக்கி போடணும்."

"இன்னிக்கேவா? சாயங்காலம் மழையைப் பாக்க எல்லாரும் வர்றாங்களே."

"உங்க மரக்கட்டைக்கு நிக்க இடம் இருக்கு. என் துண்டுக்குத் தொங்க இடம் கூடாதா?"

வம்பு எதற்கென்று கொடுத்துவிட்டு, நார்பர்ட் வேறு மோட்டார் தேடிக் கிளம்பினார். கடை கடையாக ஏறி இறங்கி, மூக்கு சிவந்து வெறுங்கையோடு திரும்பியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. வருகிறவர்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள், நான் குளித்துவிட்டுப் படுக்கப் போகிறேன் என்று சொல்லி லொரேன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெண்டாட்டிகூடத் தம்பி பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் தனியாகவே கீழே இறங்கினார்.

விருந்தாளிகள் பூட்ஸைத் தட்டிவிட்டு இறங்கி வந்தார்கள். அன்னாசிப் பழத்தைக் குடைந்து ரம் ஊற்றிக் கொடுத்தார். பாதிப் பேர் அதைக் கீழே வைத்துவிட்டு பீர் இருக்கிறதா என்று கேட்டார்கள். யூஜின் நேரே போய் ஜன்னல் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மறக்காமல் ஒரு புல் பாவாடையும் கொண்டுவந்திருந்தான்.

"என்ன அத்தான், வானம் ரொம்பத் தெளிவா இருக்கே? டிக்கெட் வாங்கினாத்தான் பெய்யுமா?"

"இரு மச்சான், வரும்," என்றார் நார்பர்ட். இதற்குமேல் இழுக்க முடியாது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினார்.

அப்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துளி இறங்கியது. அடுத்து இன்னொன்று. பிறகு ஜன்னலின் அகலம் முழுவதும் சரம் சரமாகக் கொட்ட ஆரம்பித்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நார்பர்ட் முகத்தில் ஈயாடவில்லை. சுவிட்சை அவர் தொடவே இல்லை. ஜன்னலுக்கு நேர் மேலே குளியலறை. குளியல் தொட்டி நிரம்பி வழிந்து தளம் ஒழுகுகிறது, வேறென்ன? குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டாளா, வழுக்கி விழுந்து கிடக்கிறாளா? பந்தயம் மறந்துபோய் அவர் படியை நோக்கித் திரும்பினார்.

யூஜின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, புல் பாவாடையைச் சுருட்டி வைத்தான். ஆனாலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி அத்தான், தோத்துட்டேன். ஆனா இடி இல்லாம என்ன மழை இது?" என்று அறை அதிரக் கேட்டான்.

நார்பர்ட் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

தொட்டி காய்ந்து கிடந்தது. சுவரோரம் தரையில் வரிசையாகத் துளைகள், பக்கத்தில் அவருடைய டிரில். லொரேன் மண்டியிட்டு, தோட்டத்துப் பூவாளியைச் சாய்த்து அந்தத் துளைகளில் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். கக்கத்தில் ரொட்டி சுடும் தகரத் தட்டை இடுக்கியிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இடியும் கேக்குறானே என் தம்பி, தட்டட்டுமா?"