சைவப் பிரிவு

வீட்டுக்கு ஒருவர் ஓராண்டு காட்டில் பிழைத்துத் திரும்பினால்தான் குடும்பத்துக்கு நகரத்தில் இடம். எங்கள் வீட்டிலிருந்து என் மகன் குற்றாலிங்கம் போவதென்று முடிவானது. முன்பயிற்சியில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் எலி, முயல்களைப் பொறி வைத்துப் பிடித்துத் தின்னக் கற்றுத்தருவார்கள். மற்றது சைவம், கிழங்கும் கீரையும் மட்டும்.

“மழையே இல்லாத காட்டுல கிழங்குக்கு எங்க போவாவ, மாமா?” என்றாள் மருமகள் உலகம்மை.

“நம்ம வீட்டு ஆம்பள எலியத் தின்னு வாங்குன எடத்துல நான் குடியிருக்கணுமாக்கும்?” என்று கேட்டுவிட்டு மகனைச் சைவத்தில் சேர்த்தேன். நான் காட்டிய இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான்.

இப்போது தினமும் மாலையில் கூடத்துத் திரையில் அவனைக் காட்டுகிறார்கள். நாங்கள் பேசினால் அவனுக்குக் கேட்கும். நேற்று விலா எலும்புகள் தெரிய உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு முயல்குட்டி உயிரோடு இருந்தது. வெகுநேரம் எங்கள் பக்கமே பார்த்தான்.

“தின்னுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. நான் சொன்னா கேக்க மாட்டாவ” என்று உலகம்மை என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். சற்றுப் பொறுத்து அவன் கையைத் தளர்த்தினான். முயல்குட்டி புதருக்குள் ஓடியது. அவன் எழுந்திருக்கவில்லை.