சுத்தம் பண்ணின சாராயம்

விஷச்சாராயம் குடித்து கல்வராயன் மலையடியில் பக்கத்துத் தெருவே இழவு வீடாகக் கிடந்தபோதுதான், அப்பா பச்சமுத்து கூரையில் செருகியிருந்த சாராயப் பாக்கெட்டுகள் செழியன் கண்ணில் பட்டன. இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரா!

கெமிஸ்ட்ரி படித்தவன் அவன். கொட்டிவிட்டால் வேறெங்காவது போய் வாங்கிக் குடிப்பார் என்று, குக்கரில் ஊற்றி மூடியில் குழாய் செருகிக் காய்ச்சி, குழாயில் முதலில் வடிந்ததைக் கீழே கொட்டினான். "இதுல கலந்திருக்கற வெஷம் மெத்தனாலுதான் மொதல்ல ஆவியாவும். அது போயிடுச்சி. இனிமே பயமில்லாம குடிங்கப்பா."

மறுநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், செழியன் சொன்னதைக் கேட்டு டாக்டர் கத்தினார். "மெத்தனாலும் சாராயமும் ரெண்டும் கலந்துதான்யா ஆவியாகும்! கடைசிச் சொட்டு வரைக்கும் விஷம்!"

பார்வை போன பச்சமுத்து, மகன் கையைத் தடவிப் பிடித்தார்.

"புள்ளயத் திட்டாதீங்க சார். அந்தச் சாவுங்களப் பாத்ததுமே நான் குடிய வுட்டுட்டேன். பாக்கெட்டு சும்மாதான் கெடந்துச்சி. இவன் ஆசையா வடிச்சிக் குடுத்தானேன்னுதான் குடிச்சேன்."