அளந்து போட்ட சமையலறை

மெய்நிகர்க் காட்சியைக் கண்முன் காட்டும் வி.ஆர். கண்ணாடியைக் கட்டடக்கலைப் பேராசிரியர் கையில் எடுத்தாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அதை மாட்டிக்கொண்டு, மாணவர்கள் வரைந்த கட்டடத்துக்குள் நடந்து பார்த்துக்கொண்டே கிழிகிழியென்று கிழித்துவிடுவார்.

இன்று மாட்டியது கடைசி வரிசை மாணவியின் சமையலறை.

ஆறடி மனிதர் உள்ளே போனதும் திகைத்தார். "என்னம்மா, நான் குள்ளமாயிட்டேனா? மேல் அலமாரி எட்டவே மாட்டேங்குது."

"பார்க்கிறவரோட உயரத்தை சமைக்கிறவங்க உயரத்துக்கு மாத்தி வச்சேன் சார்."

"அது சரி. அடுப்புப் பக்கத்துல ஜன்னலே காணோம், புகை எங்க போகும்? கதவைத் திறந்தா ஃபிரிட்ஜ்ல இடிக்குது. திரும்பக்கூட இடமில்ல. ஹால் பெருசா இருக்கணும்னு கிச்சனைச் சுருக்கியாச்சு, அப்படித்தானே?"

"ஆமா சார்."

வகுப்பு சிரித்தது. அவருக்கு இன்னும் சூடு பிடித்தது.

"இதை வரைஞ்ச கை ஒரு நாளாவது கரண்டி பிடிச்சிருக்குமா?"

"பிடிச்சதே இல்லப்பா."

பேராசிரியர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். கல்லூரிக்குள் அவரை 'சார்' என்று மட்டுமே கூப்பிடும் மகள் எதிரே நின்றிருந்தாள்.

"நம்ம வீட்டுக் கிச்சனைத்தான் அளந்து அப்படியே போட்டேன். வரைஞ்சது நீங்க. உயரம் மட்டும் அம்மாவோடது."