மீதி ஒரு சுற்று

மனிதன் இனிமேல் நடக்கத் தேவையில்லை, நடக்க வேண்டியதையெல்லாம் வைஃபையே நடத்திவிடும் என்று சங்கரன்கோவிலில் முதன்முதலாக அறிவித்தவன் என் வகுப்புத் தோழன் ஆறுமுகச்சாமி. போன ஆடியில், அவன் அரியர் பாஸாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அவன் அம்மா கோயிலில் நூற்றியொரு சுற்று நடந்தாள். நூறு முடிந்ததும் அவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, கால் வலிக்கு. கடைசிச் சுத்துக்குக் கையப் பிடிச்சுக்கோ."

"எம்மா, அதுக்கெல்லாம் ரோபோ செஞ்சு விடுதேன். நீ உக்காந்து வேடிக்கை பாரு."

அவள் தனியாகப் போனாள், வடக்குப் பிரகாரத்தில் விழுந்தாள், எழவில்லை. அரியர் பாஸாகிவிட்டது.

நேற்று ப்ராஜெக்ட் டெமோ. கூடைப்பந்து மைதானத்தில் அவனுடைய ஆறு ரோபோக்கள் வைஃபை சொன்னபடி வட்டமாகச் சுற்றின. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. இடைவெளி சரியில்லை என்று சார் ஐந்து மார்க்கைக் குறைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பத்தாவது சுற்றில் ஆறையும் நிறுத்தினான். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"ஏலே, ஏழு கனெக்ட் ஆயிருக்கு."

"யார் போனாவது இருக்கும்ல."

"போனு எப்படிலே சுத்தும்?"

சுற்றுக் கணக்கில் ஆறு ரோபோக்களுக்கும் நேராகப் பத்து என்றிருந்தது. ஏழாவதற்கு நேராக நூறு.

ஆறுமுகச்சாமி ஷூவைக் கழற்றினான். அந்தக் காலி இடத்தில் போய் நின்று, நடக்க ஆரம்பித்தான். நிறுத்தி வைத்த ஆறும் அவனோடு நகர்ந்தன. அவனுடைய இடது கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்து, அவனைவிட மெதுவாகவே வந்தது.